ரசமட்டம் சம்மதிக்காத மனை

சித்தூரில் சமமாக இருப்பது எதுவும் கிடையாது என்பதை ஊருக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் ரசமட்டம். ஓட்டல் மேஜை, மார்க்கெட் மேடை, கல்யாண மணை, எங்கள் மேலதிகாரியின் நாற்காலி என்று எல்லாமே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக அவர் நிரூபித்த பிறகு அந்த ஊரில் ஒருவரும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

ரசமட்டம் என்பது கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவி. கட்டைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் பேனா செருகிக்கொள்ளும் இடத்தில் எங்கள் ஆபீஸ் டிராப்ட்ஸ்மன் அதைச் செருகியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஓட்டலில் காபி வந்தால் முதலில் மேஜை மேல் கட்டையை வைப்பார். குமிழி ஒதுங்கினால் தினத்தாளை நாலாக மடித்து மேஜைக் காலுக்கடியில் திணித்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். அதற்குள் காபி ஆறிப்போயிருக்கும். அதற்காக ஓட்டல்காரரைத் திட்டுவார். ஓட்டல்காரர் அவருக்கென்றே சுவரோரமாக ஒரு கல் மேஜை போட்டுக் கொடுத்தார். அதுவும் சாய்ந்திருந்தது.

பெண் பார்க்கப் புத்தூர் போன கதையை அவரே சொல்லியிருக்கிறார். சொஜ்ஜி, பஜ்ஜி, வெற்றிலை எல்லாம் ஆயிற்று. பெண் வந்து நமஸ்காரம் செய்தாள். இவர் பெண்ணைப் பார்க்காமல் கூடத்துத் தரையில் கட்டையை வைத்துக் குனிந்து பார்த்தார். "பொண்ணு பத்தி ஒண்ணும் இல்ல. வீடு கெழக்கால சாயுது" என்றாராம். பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கதவுப் பக்கம் நின்ற பெண் அமைதியாகச் சொன்னாள்.

"அது சாயல. நாங்கதான் சாச்சி வெச்சிகிறோம். கழுவி வுட்டா தண்ணி வாசலுக்குப் போவ வாணாமா?"

ரசமட்டம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். பெண்ணின் பெயர் தேசம்மா. அவர் வாழ்நாளில் வாதமில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே சரிவு அந்தக் கூடத்துத் தரைதான்.

ஆந்திரா தனி மாகாணமாகப் பிரிந்தபோது ஆபீஸே இரண்டாகக் கிழிந்தது. மெட்ராஸ் போகிறாயா, இங்கேயே இருக்கிறாயா என்று எல்லாரிடமும் கேட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். நான் இருந்துவிட்டேன். ரசமட்டமும் இருந்துவிட்டார். காரணம் கேட்டால், இந்த ஊரில் எது எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இப்போதுதான் ஒருவழியாகத் தெரிந்துகொண்டேன், மெட்ராஸ் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க உடம்பில் தெம்பில்லை என்பார்.

பிறகு வந்தது எல்லைத் தகராறு. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று தினம் ஒரு ஊர்வலம், தினம் ஒரு கூட்டம். ரசமட்டம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் மேடை போட்டதும் அவரைத்தான் தேடினார்கள். ஒரு முறை தமிழ்க் கூட்டத்து மேடை பாதிப் பேச்சில் உட்கார்ந்துவிட்டதே காரணம். அன்று முதல், காலையில் ஒரு கட்சியின் மேடையையும் சாயங்காலம் எதிர்க்கட்சியின் மேடையையும் அவர் சரிபார்த்துக் கொடுத்தார். சித்தூர் தங்களுக்கே சொந்தம் என்று இரு தரப்பும் முழங்கியபோது கீழே இருந்த பலகை ஆடவில்லை என்றால் அது அவருடைய புண்ணியம்.

இந்தக் காலத்தில்தான் ஊரில் வாடகை ஏறியது. புது ஆபீஸ்களும் புது உத்தியோகஸ்தர்களும் வந்துகொண்டே இருந்ததால் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு வீடு கிடைக்கவில்லை. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாதம் ஒரு முறை, தன் மச்சான் கர்நூலிலிருந்து மாற்றலாகி வருவதால் வீடு வேண்டும் என்று பயமுறுத்துவார். எல்லாரும் சேர்ந்து வீடு கட்டும் சங்கம் ஒன்று ஆரம்பித்தோம். தலைவர் எங்கள் ஹெட் கிளார்க். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் இங்கிலீஷ், கோபம் வந்தால் தமிழ் என்று மூன்று பாஷைகளையும் பிரித்து வைத்துக்கொண்ட மனிதர்.

அவர்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். வேலூர் ரோட்டில் சைக்கிளில் போகும் தூரத்தில் நாவலேரி. ஏரியை ஒட்டி நீளமாக ஒரு நிலம். பச்சைப் புல், நாலைந்து பனைமரம், எதிரே தண்ணீரில் கொக்குகள். மேல்நாட்டுக் காலண்டர் படம் மாதிரி இருந்தது. விலையும் கட்டுப்படியாயிற்று. நாங்கள் மனதுக்குள் ஆளுக்கொரு ஜன்னல் வைத்து ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். மனை பிரித்து வரைபடம் போட வேண்டியவர் ரசமட்டம். அவரும் சங்கத்தில் உறுப்பினர்தான்.

இடத்தை அவர் ஒரு நாள் சுற்றி வந்தார். மண்ணை எடுத்து மோந்தார். எச்சில் தொட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தார். பனைமரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அடிமரத்தில் தன் இடுப்பு உயரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த நத்தை ஓடுகளைச் சுரண்டினார். பிறகு ஹெட் கிளார்க்கிடம் வந்து, இது ஏரிக்கரை இல்லை, உள்வாய் என்றார். அதாவது ஏரி நிரம்பும்போது தண்ணீர் வந்து நிற்கிற இடம்.

"ஒரு மழைக்காலம் முழுசா பாக்கணும் சார். மண்ணு, தண்ணி, காத்து, கொசு, எல்லாம் பாக்கணும். பாக்காம கோடு போட மாட்டேன்."

ஹெட் கிளார்க் தமிழுக்கு மாறினார்.

அன்று ஆரம்பித்தது ரசமட்டத்தின் ஏரிக்கரை வாசம். ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் ஏறி நேராக அங்கேதான் போவார். இடுப்பளவு குழி தோண்டி அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் உள்ளே இறங்குகிறது என்று குழி விளிம்பில் குந்திப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு மேய்ப்பவர்கள், யாரையோ புதைத்துவிட்டு அழுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். காற்றின் போக்கைப் பார்க்க மூங்கில் கழியில் தேசம்மாவின் பழைய புடவை ஒன்றைக் கட்டினார். வேட்டியைத் தொடை வரை மடித்துக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம் என்று உட்கார்ந்து எங்கே கொசு அதிகம் கடிக்கிறது என்று பார்த்தார். மறுநாள் ஆபீசில் இரண்டு கால்களையும் எங்களுக்குக் காட்டினார். இடது கால் பள்ளமாம், வலது கால் மேடாம்.

வீட்டு வாசலில் கோலமாவால் ஏரியை அளவு பிசகாமல் வரைந்து வைத்திருந்தார். கரை, மதகு, பனைமரம் எல்லாம் அதில் உண்டு. மார்கழியிலும் அந்த வாசலில் வேறு கோலம் கிடையாது. சமாதானம் பேச வந்த ஹெட் கிளார்க் தெரியாமல் அதன் மேல் நின்றுவிட்டார். தேசம்மா மோரை நீட்டிக்கொண்டே, "இப்ப நீங்க கழுத்தளவு தண்ணில கீறீங்க. கொஞ்சம் இந்தாண்ட வாங்க" என்றாள். அவள் கேலியாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்பது கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

அடுத்தது கொடிகள். தண்ணீர் எதுவரை வரும் என்று தான் கண்ட கணக்குப்படி நிலத்தின் குறுக்கே வரிசையாகக் குச்சிகள் நட்டு, தெரிவதற்காகச் சிவப்புத் துணி கட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் நட்ட நேரம் எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்த நேரம். யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மாகாண எல்லையை நட்டுவிட்டார்கள் என்று ஏரிக்கரையை ஒட்டிய மேலூரிலும் அதற்குக் கீழே இருந்த கீழூரிலும் புரளி கிளம்பியது. மேலூர்க்காரர்கள் மெட்ராஸ்காரர்களின் வேலை என்றார்கள். கீழூர்க்காரர்கள் ஆந்திராக்காரர்களின் வேலை என்றார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு குச்சியைப் பிடுங்கினார்கள். இவர் மறுபடி நட்டார். அவர்கள் மறுபடி பிடுங்கினார்கள். கடைசியில் போலீஸ் வந்தது.

வந்த இன்ஸ்பெக்டர், இது எந்த ராஷ்டிரத்து எல்லை என்று தெலுங்கில் கேட்டார். ரசமட்டம், "நீள்ள சரிஹத்து சார்" என்றார். தண்ணீரின் எல்லை என்று அர்த்தம். இன்ஸ்பெக்டர் எதிரே பார்த்தார். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஏரி நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் எங்கே என்று கேட்டார். வரும் என்றார் இவர். இன்ஸ்பெக்டர், கூடப் போயிருந்த என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா, பார்த்துக்கொள்கிறார்களா என்று மிகவும் அன்பாக விசாரித்துவிட்டுப் போனார். பித்துக்குளியின் குச்சிகள் என்று தெரிந்த பிறகு அவற்றை யாரும் பிடுங்கவில்லை.

மழை பொய்த்தது ரசமட்டத்துக்குப் பெரிய அடி. ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும் என்றவர், மழையே வராததால் இன்னொரு வருஷம் பொறுக்கச் சொன்னார். சங்கம் பொறுக்கவில்லை. ஹெட் கிளார்க் திருப்பதியிலிருந்து பெயர் பெற்ற மனையடி சாஸ்திரக்காரர் ஒருவரை வரவழைத்தார். அவர் வாயால் நல்ல மனை என்று சொல்ல வைத்துவிட்டால் ரசமட்டத்தின் வாயை அடைத்துவிடலாம் என்பது திட்டம். சாஸ்திரக்காரர் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து இறங்கினார். இடத்தைச் சுற்றிக் காட்ட ரசமட்டமே முன்வந்தார். இருவரும் போனார்கள். குழியைப் பார்த்தார்கள், நத்தை ஓட்டைப் பார்த்தார்கள், கொசுவுக்குக் காலைக் கொடுத்தார்கள். திரும்பி வந்த சாஸ்திரக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்.

"ஈசானியத்துல தண்ணி இருந்தா விசேஷம்னு சாஸ்திரத்துல இருக்குது. எட்டு திக்குலயும் இருந்தா இன்னா பண்றதுன்னு எழுதி வெக்கல அய்யா."

தட்சிணைகூட வாங்காமல் போய்விட்டார். அவரும் ரசமட்டமும் அதன் பிறகு கடைசிவரை நண்பர்கள். ஹெட் கிளார்க் வேறொரு சாஸ்திரக்காரரைப் பிடித்தார். இவர் இடத்துக்கே வராமல் சர்வே வரைபடத்தைப் பார்த்து நாள் குறித்துக் கொடுக்கும் சாமர்த்தியசாலி. மறுவாரம் சங்கம் கூடி ரசமட்டத்தை நீக்கியது. நானும் இன்னும் இரண்டு பேரும் நீக்க வேண்டாம் என்றோம். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. வாடகை வீட்டில் மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு இருப்பவனுக்கு நத்தை ஓடு பெரிதாகத் தெரியாது.

பூமி பூஜைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் வந்தார். பின்னால் ஒரு மாட்டு வண்டி. வண்டியில் கவிழ்த்துப் போட்ட பெரிய பரிசல். எந்த ஆற்றங்கரையில் பிடித்தாரோ தெரியாது. வெடிப்பு விட்ட தரையில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதை இறக்கிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். துடுப்பையும் அதற்குள் வைத்தார். சங்கத்துக்குத் தன் அன்பளிப்பு என்று சொல்லிவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று ஹெட் கிளார்க்குக்கு மூன்று பாஷையும் மறந்துபோயிற்று.

அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். சிமெண்டுக்குப் பர்மிட் வர வேண்டும். அதற்கான காகிதம் அப்போது தலைநகரமாக இருந்த கர்நூலுக்குப் போயிற்று. அது அங்கே போய்ச் சேர்ந்தபோது தலைநகரம் ஹைதராபாத் ஆகிவிட்டது. அங்கே போனதும், இந்த இடம் ஆந்திராவில்தான் இருக்கப்போகிறதா என்று உறுதி செய்துகொண்டு பிறகு கேட்கவும் என்று திரும்பி வந்தது. எங்கள் காகிதம் ஊர் சுற்றியதில் அடுத்த ஐப்பசி வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் வங்காள விரிகுடா மொத்தமும் எங்கள் ஜில்லாவுக்கு மாற்றலாகி வந்தது போல மழை பெய்தது. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. கொஞ்சம் விட்ட ஒரு காலையில் ஹெட் கிளார்க்கும் நானும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். மனை இல்லை. தோண்டிய பள்ளம் இல்லை. பூமி பூஜைக் கல் இல்லை. பனைமரங்கள் தண்ணீருக்குள் நின்றன. பரிசல் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அதை மேலூர்க்காரர் ஒருவர் எப்போதோ தூக்கிப் போய், மாட்டுக்குத் தவிடு வைக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

ஹெட் கிளார்க் சைக்கிளைத் திருப்பி நேரே ரசமட்டத்தின் வீட்டுக்கு விட்டார். ஈரச் செருப்போடு உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இழுத்தடித்திராவிட்டால் இந்நேரம் வீடு கட்டிக் குடியேறியிருப்போம், எங்கள் குடும்பங்களை எல்லாம் காப்பாற்றினீர்கள் என்றார். ரசமட்டம் கேட்ட ஒரே கேள்வி தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்பதுதான். கொடிகள் எல்லாம் மூழ்கிவிட்டன, அதற்கும் மேலே ரோட்டோரப் புளியமரம் வரை நிற்கிறது என்று நான் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. சாவு வீட்டில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. ஹெட் கிளார்க்கே தேடி வந்து பாராட்டுகிறார், அவரோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொடி நட்ட இடத்துக்கு மேல் தண்ணீர் வர முடியாதாம். கணக்கு அப்படித்தானாம். ஏரி நிரம்பினால் மிச்சம் வழிந்து போகக் கரையின் கோடியில் கலங்கல் என்ற கல்கட்டு இருக்கிறது. அது எந்த உயரமோ அதற்குச் சற்று மேலேதான் தண்ணீர் நிற்க வேண்டும். புளியமரம் வரை வந்திருக்கிறது என்றால் ஒன்று தன் கணக்கு தப்பு, அல்லது கலங்கலில் ஏதோ தப்பு.

தேசம்மா குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க கணக்கு தப்பாவாது. போய்ப் பாத்துட்டு வாங்க."

மூவரும் போனோம். கலங்கலைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. கல்கட்டின் மேல் நெடுக மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு சொட்டு வழியவில்லை. ஏரி கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அலையடித்தது. மேலூர்க்காரர்கள் பத்திருபது பேர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு காவல் நின்றார்கள். அவர்களுக்குப் பெரியவர் முனிரத்தினம் என்கிற விவசாயி. வழிகிற தண்ணீர் கீழூர் ஏரிக்குப் போகும். கீழூர் மெட்ராசுக்குப் போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கி அது வேற நாடு சார். அவனுக்கு எதுக்கு எங்க தண்ணி?" என்றார் முனிரத்தினம்.

"தண்ணி எங்க போவுதுன்னு நான் கேக்கல. கரை எங்க போவும்னு கேக்கறேன்" என்றார் ரசமட்டம்.

அவர்கள் காதில் விழவில்லை. மூட்டையை எடுக்கப் போனால் கடப்பாரையைக் காட்டினார்கள். ஹெட் கிளார்க் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். எந்த அரசாங்கம் என்று கேட்டார்கள். அப்போது அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த ஜில்லாவில் யாரும் இல்லை.

ரசமட்டம் போய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். இதை எடுக்கிற வரை நகர மாட்டேன், கரை உடைந்தால் முதலில் நான் போகிறேன் என்றார். மழை மறுபடி பிடித்தது. குடை மடங்கிப் பறந்துபோனது. ஒல்லியான மனிதர். வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டு, மூட்டை மேல் வைத்த கொக்கு மாதிரி இருந்தார். கால் மரத்தால் எழுந்து போய்விடுவார் என்று காவல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. ஓர் ஓட்டல் மேஜைக்காக இரண்டு மணி நேரம் காபி குடிக்காமல் இருந்தவர் அவர்.

மத்தியானத்துக்குத் தேசம்மா டிபன் கேரியரோடு ஒரு வண்டியில் வந்து இறங்கினாள். புருஷனைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் புடவையைச் செருகிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேரியரைத் திறக்கவில்லை.

காவல்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஆம்பிளை நனைவது வேறு. முனிரத்தினமே கிட்டே வந்து, அம்மா நீங்கள் எழுந்து வீட்டுக்குள் வந்து இருங்கள் என்று கெஞ்சினார். எந்த வீடு என்று கேட்டாள். அவர் கரைக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூரையைக் காட்டினார்.

"அங்கதான் வரணுமா நைனா? இந்தக் கரை போச்சுன்னா முதல்ல அணையறது உங்க அடுப்புதான். ஆந்திராவோ மெட்ராஸோ, அப்புறம் வந்து இன்னாத்துக்கு எல்லை போடுவாங்க?"

முனிரத்தினம் தன் கூரையைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தரையிலிருந்து தண்ணீர் ஊறுகிறது என்றாள். ரசமட்டம் அப்போதுதான் எழுந்தார். கால் மடங்கி விழப்போனவரை நான் பிடித்துக்கொண்டேன். கரையின் அடிவாரத்தில் குந்தி, ஊற்றைக் கையில் ஏந்திப் பார்த்தார். அந்தக் கையை எங்கள் பக்கம் நீட்டினார்.

"தெளிவா வந்தா பயமில்ல. கலங்கி வருது பாருங்க. உள்ளுக்குள்ள கரை கரைஞ்சிக்கினு கீது."

முனிரத்தினம் ஓடினார். முதல் மூட்டையை இழுத்துத் தள்ளியவர் அவர்தான். மற்றவர்களும் பாய்ந்து எல்லாவற்றையும் உருட்டப் போனார்கள். இப்போது ரசமட்டம் வேண்டாம் என்று கத்தினார். மொத்தமாக விட்டால் கீழூர் அடித்துக்கொண்டு போய்விடும், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் என்றார். கீழூருக்கு ஆள் ஓடியது. தண்ணீரைக் கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்களே, தண்ணீர் வருகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லப் போனார்கள். அங்கிருந்து சண்டைக்கு ஆள் வரும் என்று நினைத்தோம். மண்வெட்டியும் கூடையுமாக ஆள் வந்தது. ஊற்றெடுத்த இடத்தில் வைக்கோலும் மண்ணும் கொட்டி இரண்டு ஊரும் சேர்ந்து மிதித்தார்கள். எடுத்த மூட்டைகளை வரிசையாக நின்று கைமாற்றி அந்த இடத்துக்கே கொண்டுபோனோம். ஹெட் கிளார்க் கோட்டோடு வரிசையில் நின்றார். ஒரு மூட்டையோடு அவர் வேட்டியும் போய்விட்டது. கோட்டு நீளமானது என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பொழுது சாய்வதற்குள் கரையின் மேல் ஒரு சாண் வெறும் மண் தெரிந்தது. ஊற்று தெளிந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ரசமட்டம் சைகையில் பேசிக்கொண்டிருந்தார். தேசம்மா டிபன் கேரியரைத் திறந்தாள். மழைத் தண்ணீரில் சோறு மிதந்தது. முனிரத்தினத்தின் வீட்டில் எல்லாரும் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம்.

சில நாள் கழித்துத் தண்ணீர் ஒரு நிலைக்கு வந்ததும் அவர் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். சிவப்புத் துணிகள் தண்ணீர் விளிம்பிலேயே வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவர் முகத்தில் மறுபடி ரத்தம் வந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பும்போது, "மண்ணப் பாத்தேன், தண்ணியப் பாத்தேன், காத்தப் பாத்தேன். மனுசங்க மூட்டை அடுக்குவாங்கன்னு பாக்கல" என்றார். அது அவரை வெகுநாள் அரித்தது.

சங்கம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஹெட் கிளார்க்கே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். கோலமாவு ஏரியைச் சுற்றிக்கொண்டு ஜாக்கிரதையாக உள்ளே போனார். நிலக்காரரோடு பேசி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லாங்கரட்டு மேட்டை மாற்றி வாங்கினோம். ஏரி தெரியாது. காலண்டர் அழகு கிடையாது. மனைகளும் சின்னதாயின. அதற்கும் ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும் என்றார் ரசமட்டம். எல்லாரும் பெருமூச்சு விட்டோம். யாரும் மறுக்கவில்லை.

பிறகு எல்லை தீர்ந்தது. கீழூர் மெட்ராசுக்குப் போயிற்று, மேலூர் இங்கேயே நின்றது. ஒவ்வோர் ஐப்பசியிலும் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து வந்து ரசமட்டத்தைக் கலங்கலுக்கு அழைத்துப் போவார்கள். யாரும் மூட்டை வைக்கவில்லை என்று அவர் பார்த்துச் சொன்னால்தான் அவர்களுக்குத் திருப்தி. முனிரத்தினம் தேசம்மாவுக்குக் கரும்பு அனுப்பாத பொங்கல் கிடையாது.

ரசமட்டமும் தேசம்மாவும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போதும் புயல் மழை அடிக்கிற ராத்திரிகளில் ஊரில் பல தெருக்களில் விளக்கு எரியும். ஜனங்கள் பாத்திரம் பண்டங்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வீடு கட்டிக்கொண்ட அந்த மேட்டில் மட்டும் எல்லா வீடும் இருட்டாக இருக்கும். கூரை மேல் மழை கொட்டுவதைக் கேட்டுக்கொண்டே நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். கண் அசருவதற்கு முன்னால் அந்த மனுஷனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வேன். பிறகு நன்றாகத் தூங்கிவிடுவேன்.